மூன்றாம் விதி

வண்டி நின்றுவிட்டது, என் வீட்டுக்காரர் நிற்கவில்லை. இயக்க விதிகளில் முதலாவதற்கு, ஒன்பதாம் வகுப்பில் வருஷாவருஷம் நான் சொல்லும் உதாரணமே அதுதான். வேகமாகப் போகிற பைக் சாலையின் நடுச்சுவரில் மோதினால் சுவர் வண்டியைத்தான் நிறுத்தும், உட்கார்ந்திருப்பவர் போய்க்கொண்டே இருப்பார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள். இந்த மனுஷன் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் அல்லவா மாட்டி வைத்திருந்தார்! "உன் விதியெல்லாம் பள்ளிக்கூடத்தோட நிக்கட்டும் டீச்சரம்மா" என்று காலையில் கிண்டலடித்துவிட்டுப் போனவர்.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார். மூச்சை மெஷின் விடுகிறது. அவர் தானாக ஒரு விரலையாவது அசைத்தால் காத்திருக்கலாம், இல்லையென்றால் மெஷினை எடுப்பதா என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். பார்க்க வந்தவர்கள் "எல்லாம் விதி" என்று உச்சுக் கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனார் மட்டும் அண்ணன் கையை விடவே இல்லை.

"விதியை மதியால வெல்லலாம்னு சொல்வாங்களே. இவ்வளவு படிச்சிருக்கீங்க, ஏதாவது பண்ணுங்க அண்ணி" என்றவள், திடீரென்று கத்தினாள். "அண்ணி! அண்ணன் கை அழுத்துது! நான் அழுத்தினா திருப்பி அழுத்துது!"

நர்ஸ் ஓடி வந்தாள். நானும் நம்பிவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் நான் டீச்சரே இல்லை. பிறகு பாழாய்ப்போன படிப்பு குறுக்கே வந்து நின்றது. சுவரைத் தள்ளினால் சுவரும்தான் நம்மைத் தள்ளும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. உயிர் இருக்கிறதா என்று அந்த விதி கேட்பதில்லை.

"நீ அழுத்தாதம்மா. சும்மா பிடிச்சுக்கோ" என்றேன்.

அவள் பிடியைத் தளர்த்தினாள்.

"அண்ணே... ஒரே ஒரு தடவண்ணே..."

மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் உள்ளங்கையில் அவை அப்படியே கிடந்தன. கனம் மட்டும் இருந்தது. அது பூமி இழுக்கிற விசை, அவருடையது இல்லை.

"நீங்க டீச்சரா இல்லாம இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விரல் அசையவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மெஷினை எடுத்துவிடலாமா என்றார், சரி என்று தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் தனியாக இருக்க விட்டார்கள்.

அவர் கையை எடுத்து என் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். அவர் கையும் என்னை அழுத்தியது. நான் கொடுத்தது எவ்வளவோ, சரியாக அவ்வளவு.

"இம்மியளவு அதிகமா குடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

கொடுக்கவில்லை.