கீரிக்கும் கீழே

ஆன்லைன் விளையாட்டில் வேட்டை முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். மிருகத்தின் மேல் விழுந்த மொத்த அடியில் யார் பங்கு எவ்வளவு என்று சதவீதம் போட்டு, ஒளிவுமறைவில்லாமல் மானத்தை வாங்கும் பட்டியல். அந்த ஞாயிற்றுக்கிழமை அதில் மச்சினன் ஐம்பத்தைந்து, பல் டாக்டர் இருபது, மனைவி பதினான்கு. அதற்கு அடுத்து, ஏழு சதவீதத்தோடு கீரி. கீரிக்கும் கீழே, நாலு சதவீதத்தோடு, லிஃப்ட் மெக்கானிக்.

கீரி என்றால் கீரியேதான். வேட்டைக்குத் துணையாக விளையாட்டே அனுப்பி வைக்கும் பிராணி. அதை யாரும் இயக்குவதில்லை. தன்பாட்டுக்கு ஓடும், தோன்றினால் கடிக்கும், பாதி நேரம் தன் வாலையே துரத்திக்கொண்டிருக்கும். வாலைத் துரத்தியது போக மிச்ச நேரத்தில் அது சாதித்ததைக்கூட, ஆறு வாரமாக நோட்டுப் புத்தகம் போட்டுப் படித்த மனிதரால் சாதிக்க முடியவில்லை.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றான் மச்சினன், காதில் மாட்டிய ஹெட்செட் வழியே. அவன் டைல்ஸ் கடையில் விற்பனை மேலாளர். தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாத விஷயங்களை மட்டுமே இப்படி ஆரம்பிப்பான். “அடுத்த ஞாயிறு பத்து சதவீதம் வரணும். வரலைன்னா, எங்க கடை கேஷியர் ரொம்ப நாளா ஒரு இடம் கேட்டுட்டிருக்காரு.”

கூட்டத்தில் நாலே இடம். மெக்கானிக்குக்கு மிருகத்தைக் கொல்வதில் அப்படியொன்றும் வெறி கிடையாது. ஆனால் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அவருக்கோ எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. வாரம் முழுக்க அவர்கள் குடும்பம் நடத்தியது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச்சீட்டுகளில். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம்தான் இருவரும் ஒரே சோபாவில், ஆளுக்கொரு திரையோடு, பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது. நடுவில் கொம்பு முளைத்த எருமை ஒன்று தீ கக்கினாலும், அதுதான் அவர்களுக்கு வாய்த்த தனிமை. அந்த இடத்தில் கேஷியர் வந்து உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே மறுபடி நோட்டைத் திறந்தார்.

அவர் நம்பியிருந்தது ‘கடைமூச்சு’ என்ற திறன். கவசத்தில் ஒரு கல்லாகப் பதித்துக்கொள்ள வேண்டும். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிச் சிவந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் மூன்று மடங்காகும். மற்றவர்கள் சீந்தாத கல் அது. சாவின் விளிம்பில் நின்று சண்டை போட யாருக்குப் பிடிக்கும்? மெக்கானிக்குக்குப் பிடித்தது, காரணம் அதில் நிபந்தனை இருந்தது. நிபந்தனையோடு வருவது எதுவானாலும் அவருக்கு மரியாதை உண்டு. உயிரைக் குறைத்துக்கொள்வதற்கென்றே கசப்பு உருண்டை ஒன்று விளையாட்டில் கிடைக்கும். வேட்டைக்கு இருபது உருண்டை வாங்கி, மருந்து வேளை தவறாத நோயாளி மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார்.

பலன்தான் இல்லை. பட்டை சிவக்கும், இரண்டு அடி விழுவதற்குள் பச்சையாகிவிடும். நோட்டில் முதல் வாரம் ‘உருண்டையின் வீரியம் போதாது’ என்று எழுதினார். மூன்றாவது வாரம் ‘மனித உடலில் உயிர் தானாக ஊறுகிறது’ என்று ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பு. ஐந்தாவது வாரம் விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கே பிழை சுட்டி ஒரு கடிதம், மூன்று பக்கம், படத்தோடு. பதில் வரவில்லை. அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து அழைப்பு. லிஃப்ட் நகரவில்லை. மொட்டை மாடி அறைக்கு ஏறி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், பிரேக்கைக் கழற்றி மாட்டினார், பலகையில் இருந்த ஒவ்வொரு ஒயரையும் விசாரித்தார். ஒரு மணி நேரம் போனது. லிஃப்டில் எல்லாக் கதவும் சாத்தினால்தான் மோட்டாருக்கு உத்தரவு போகும். எங்கோ ஒரு கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலும் போதும், முழு இயந்திரமும் செத்த மாதிரி கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்த பாடம். கடைசியில் படியிறங்கி வந்தவர் ஐந்தாவது மாடியில் பார்த்தார்: ஒரு அம்மாள் கதவிடுக்கில் பூந்தொட்டியை வைத்துவிட்டு நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு மூட்டுவலி, மெல்லத்தான் வருவாள், அதுவரை லிஃப்ட் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணம். பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் படியேறியே மேலே போய்விட்டிருந்தாள்.

பூந்தொட்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். அந்த அம்மாள் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை மனைவி சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, வேட்டையில் அவள் பச்சைப்பொடி எப்போதெல்லாம் தூவுகிறாள் என்று மெதுவாக விசாரித்தார். ஒரு பிடி தூவினால் நாலு பேருக்கும் சேர்த்தே உயிர் ஏறும் பொடி அது. யாருக்காவது பட்டை சிவந்தால் தூவுவேன் என்றாள் அவள், அதிலென்ன சந்தேகம் என்பது போல. பெரும்பாலும் சிவப்பது அவருடையதுதானாம். இவ்வளவு மட்டமாக விளையாடும் மனுஷனைப் பார்த்ததே இல்லை, முகத்துக்கு நேரே சொன்னால் நொந்துபோவார் என்றுதான் சத்தம்போடாமல் தூவிக்கொண்டிருக்கிறாளாம்.

ஆறு வாரம். அவர் சோபாவின் இந்த ஓரத்தில் விஷம் தின்ன, அவள் அந்த ஓரத்தில் மருந்து தூவியிருக்கிறாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும்,” என்றார், “என்னைச் சாக விடு.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவர் நோட்டைக் காட்டி விளக்கினார். அவள் முழுவதும் கேட்டாள்.

“செவப்பு எரிஞ்சா என் கை சும்மா இருக்காதுங்க. இருபது வருஷமா அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன்.”

“கேஷியர் வந்துருவான்டி.”

அவள் சீருடையை மடித்து வைத்தாள். சரி, பார்க்கலாம் என்றாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எருமை வந்தது. மெக்கானிக் உருண்டையை விழுங்கினார். பட்டை சிவந்தது. சிவந்தே இருந்தது. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். இதுவரை கண்ணால் பார்த்திராத பெரிய எண் ஒன்று எருமையின் முதுகிலிருந்து எழும்பிப் பறந்தது. பக்கத்தில் மனைவி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வேட்டைக்காரி மரத்தடியில் தேமே என்று நின்றிருந்தாள்.

நாலாவது நிமிடம் மச்சினன் செத்தான்.

ஏதோ கை வழுக்கிவிட்டது என்றான். செத்தவர் மறுபடி எழுந்து வரலாம், ஆனால் கூட்டத்தில் மொத்தம் மூன்று சாவு விழுந்தால் வேட்டை கலைந்துவிடும். ஏழாவது நிமிடம் பல் டாக்டர் செத்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், நம்ம பொடி என்னாச்சு என்று கேட்டார். மச்சினனின் பாணி எப்போதும் நேரே போய்த் தீயில் நின்று விளாசுவது. அதை வீரம் என்று நினைத்திருந்தான், பாவம். இத்தனை நாளாய் அந்த வீரத்துக்கு ஒருத்தி ஓசைப்படாமல் பொடி போட்டுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. மெக்கானிக் மட்டும் நூலிழை உயிரோடு, எருமையின் பின்னங்கால் பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே அடியில் போய்விடுவோம் என்று தெரிந்தவனுக்கு வரும் பணிவு அது.

“அக்கா, செவப்பு, செவப்பு,” என்றான் மச்சினன்.

மனைவி கணவரைப் பார்த்தாள். ஒரு கை தொடைக்கடியிலிருந்து பாதி வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. மச்சினன் செத்தான். மூன்றாவது சாவு, வேட்டை கலைந்தது.

பட்டியல் வந்தது. மச்சினன் முப்பத்திரண்டு, மெக்கானிக் முப்பத்தொன்று, பல் டாக்டர் இருபத்தேழு, கீரி ஒன்பது. மரத்தடியில் நின்றவளுக்கு ஒன்று. பத்து சதவீதத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கேஷியர் பேச்சும் வரவில்லை.

“அக்கா,” என்றான் மச்சினன் கடைசியில், உடைந்த டைல்ஸோடு திரும்பி வந்த வாடிக்கையாளரிடம் பேசும் குரலில், “அடுத்த வாரம் பொடி போடுவேல்ல?”

“உங்க மாமாவைக் கேளு.”

முப்பத்தொன்று. அவர் அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார், அதில் வெட்கமென்ன. பிறகு மனைவியின் கைகளைப் பார்த்தார். சோபாத் துணியின் கோடுகள் அவற்றில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“போடச் சொல்றேன் மாப்ள,” என்றார். “ஆனா என் சதவீதத்தை இனி யாரும் வாசிக்கக் கூடாது.”

அடுத்த ஞாயிறு கல்லைக் கழற்றவுமில்லை, உருண்டையை நிறுத்தவுமில்லை. பட்டை சிவந்ததும், பக்கத்தில் ஒரு கை பரபரவென்று பொத்தானைத் தேடுவது கேட்கும். பச்சைப்பொடி தலையில் பொழியும். அன்று மெக்கானிக் ஐந்து, கீரி எட்டு.