ஒன்பதாவது கேள்வி

“ஆன்ட்டி, ஸ்கூல் தாண்டிட்டோம்.”

பின் இருக்கையிலிருந்து சிறுமி சுஹானா சொன்னபோதுதான் வேன் ஓட்டிக்கொண்டிருந்த லினெட்டுக்கு ஆயர் ஈத்தாம் சந்தை கண்ணில் பட்டது. பள்ளி வாசல் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு சிக்னல் உண்டு. அது சிவப்பாக இருந்ததா, தான் நின்றாளா என்பதும் நினைவில் இல்லை. வேனில் பதினொரு பிள்ளைகள். ஏழு வருடமாக இதே ரோடு. வேனை ஓரங்கட்டினாள். பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்கத் தைரியம் வரவில்லை.

அதே பள்ளிக்கு வேன் ஓட்டும் ஹாஜராவுக்குப் போன் செய்தாள். அவள் வந்து பிள்ளைகளைத் தன் வேனில் ஏற்றிப்போய் விட்டுவிட்டுத் திரும்பியபோதும் லினெட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“தூங்கி எத்தன நாளாச்சு?” என்றாள் ஹாஜரா.

“நாலு மாசம் இருக்கும்க்கா.”

பதினொரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு தூக்கம் கிடையாது. மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலையிலிருந்து களைத்து வரும் கணவன் சூசை பக்கத்தில் அசையாமல் தூங்குவான். காப்பியைக் குறைத்துப் பார் என்றான். குறைத்தாள். மகள் ஷேரன் ஜொகூரில் நன்றாகப் படிக்கிறாள். வீட்டில் சண்டை இல்லை, நோய் இல்லை. குறை என்று ஒன்று இருந்திருந்தால் அதைச் சொல்லியாவது அழுதிருக்கலாம். பூசையில் தூக்கத்துக்காக மட்டும் வேண்டிக்கொண்டாள். வேறு எதையும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“கிளினிக் போலாம். நீ இந்தப் பக்கம் வா, நான் ஓட்டுறேன்.”

“மாத்திரை வாங்கிக்கிட்டா போதும்க்கா.”

கிளினிக்கில் தாதி ஒரு தாளை நீட்டினாள். கடந்த இரண்டு வாரமாக எப்படி இருக்கிறீர்கள் என்று மலாயில் ஒன்பது கேள்விகள். தூக்கத்தைப் பற்றிக் கேட்ட இடத்தில் யோசிக்காமல் ‘ஏறக்குறைய தினமும்’ என்று குறியிட்டாள். பசி, களைப்பு, எதிலும் மனம் ஒட்டாதது. மாதா கோவில் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தியது தொண்டை சரியில்லாததால் என்றும், சமையல் சுருங்கியது ஷேரன் இல்லாததால் என்றும் நினைத்திருந்தாள். இங்கே எல்லாம் ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. பேனா தானாக ‘இல்லை’க்குப் போனது. சாக வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. இனி விடியாமலே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறாள். அதுவும் இதுவும் ஒன்றா? பக்கத்தில் ஹாஜரா தாளைப் பார்க்காமல் சுவரிலிருந்த டெங்கி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். லினெட்டுக்கு அந்த சிக்னல் ஞாபகம் வந்தது. ‘சில நாட்கள்’ என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

டாக்டர் காமினி தாளைப் படித்துவிட்டு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இத யார்கிட்டயாவது சொல்லிருக்கீங்களா?”

“இப்பதான்.”

நெடுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது லினெட் கேட்டாள். “தூக்கம் போனதால மனசு இப்படி ஆச்சா, மனசு இப்படி ஆனதால தூக்கம் போச்சா டாக்டர்?”

“ரெண்டும் ஒன்ன ஒன்னு இழுக்கும். எது முதல்லன்னு தேட வேணாம், ரெண்டையும் சேர்த்தே பாப்போம். நாளைக்கு வீட்டுக்காரரோட வாங்க. நான் சொல்ற வரைக்கும் வேன் ஓட்டக் கூடாது.”

மதியம் ஹாஜராவின் வேனை அவள் கணவர் சுலைமான் எடுத்துக்கொண்டார். லினெட்டின் வேனை ஹாஜரா ஓட்டினாள். அவளுக்குப் பிள்ளைகளின் வீடு தெரியாது என்பதால் லினெட்டும் ஏறிக்கொண்டாள்.

“நீங்க ஓட்டலையா ஆன்ட்டி?” என்றாள் சுஹானா.

“எனக்கு உடம்பு சரியில்ல. கொஞ்ச நாளைக்கு இந்த ஆன்ட்டிதான்.”

‘இன்னைக்கு வேலை முடிஞ்சதும் சீக்கிரம் வாங்க, பேசணும்’ என்று சூசைக்கு அனுப்பினாள். உடனே போன் அடித்தது. “ஆமா, பேசணும்தான்” என்று மட்டும் சொன்னாள்.

தன் வேனில் இடப்பக்க இருக்கையில் அவள் இப்படி உட்கார்ந்து போனதில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள். அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் ஒருத்தி ஈரத்துணி கோத்த கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். கழி கனத்தில் தாழ்ந்து, மெல்ல மெல்ல நிமிர்ந்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில் அதற்கென இருந்த துளையில் போய் உட்கார்ந்தது.

“எந்தப் பக்கம்லா?” என்றாள் ஹாஜரா.