மூடி திறக்க மூன்றாம் மாடி

அந்தக் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளிலும் இருந்த மூடிகள் அத்தனையும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இறுகிக்கொண்டன. சர்க்கரை பாட்டில், காப்பித்தூள் டப்பா, பிரஷர் குக்கர், பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பேனா என்று எந்தப் பேதமும் பார்க்கவில்லை. அதே ஒன்பதே காலுக்குத்தான் மூன்றாம் மாடியில் குடியிருந்த டயர் கடை மெக்கானிக்கின் வலது கை, பிடித்திருந்த டீ டம்ளரைக் கீழே விட்டது. டம்ளர் உடைந்தது. கை அதற்குப் பிறகு எழும்பவில்லை. அவர் மனைவி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, நாற்காலியோடு மூன்று மாடி இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உயிருக்குப் பயமில்லை, பேச்சு தேறிவிடும், கால் தாங்கும், கையைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் திருகாணி என்றுதான் கூப்பிட்டார்கள். துருவேறிப்போன லாரிச் சக்கரத்தின் நட்டை, மற்றவர்கள் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினாலும் அசையாததை, அவர் ஸ்பேனரை வைத்து ஒரு தடவை முக்கினால் போதும், கழன்றுவிடும். குடியிருப்பில் யார் வீட்டு மூடி திறக்காவிட்டாலும் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே ஒவ்வொன்றாக எடுத்துத் திருகுவார். முழுதாகத் திறக்க மாட்டார். கடைசி அரைச் சுற்றை அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு விட்டுவைப்பார். தாங்களே திறந்தது போல இருக்கட்டுமே என்பார். அவருடைய மனைவிக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக மூடி திறக்கும் வேலையே இருந்ததில்லை. அடுப்பைப் பார்த்தபடி நின்று பாட்டிலைப் பின்பக்கமாக நீட்டுவாள். இரண்டு எண்ணுவதற்குள் அது திறந்து கைக்கு வந்துவிடும்.

மூடிகள் இறுகியதைக் குடியிருப்பு முதலில் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஏற்றுக்கொண்டது. மழைக்காலம், மூடி ஊறிவிட்டது என்றார்கள். பிறகு எல்லார் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்ததும் காரணம் சொல்வதை விட்டுவிட்டு வழி தேடினார்கள். பற்பசையை வாலில் கத்தரித்துப் பிதுக்கினார்கள். உப்பையும் சர்க்கரையையும் பொட்டலமாக வாங்கினார்கள். முதல் மாடி டீச்சர் அன்று காலை குக்கரில் பீன்ஸ் வைத்து இறக்கியிருந்தாள். அது அப்படியே அடைபட்டுக் கிடந்தது. குக்கர் பழுது பார்ப்பவர் வந்து, சுத்தியலும் கையுமாக ஒரு மணி நேரம் போராடிவிட்டு, "இது குக்கர் இல்லம்மா, பெட்டகம்" என்று சொல்லிப் போனார். வெளியிலிருந்து வாங்கி வரும் புது பாட்டில்களும் தெருவில் திறந்தன, வாசல் கேட்டைத் தாண்டியதும் இறுகின. திருகாணியின் மாத்திரைகளை மருந்துக்கடையிலேயே காகிதத்தில் மடித்துத் தரச் சொல்லி அவர் மனைவி வாங்கி வந்தாள்.

ஒன்பதாம் நாள் அவர் வீடு திரும்பினார். பேச்சு கொஞ்சம் குழறியது, நாளாக நாளாகத் தெளிந்தது. நடை வந்துவிட்டது. ஆனால் அவர் சமையலறைக்கு எதிரே இருந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. வலது கையை மடியில் போட்டு அதன் மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டார், தூங்குகிற குழந்தையை மூடுவது போல. கதவு தட்டப்பட்டால் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவள் கதவை ஒருக்களித்துத் திறந்து, "இப்பத்தான் கண்ணசந்தாரு" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவாள். காலையிலும் மாலையிலும் இடது கையால் வலது கையை நீவிவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அதையும் அவர் செய்யவில்லை. அவள் நீவிவிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவள் தையல் ஆலையில் நூல் பிசிறு வெட்டும் வேலை பார்த்தாள். ஆலை விட்டு வரும் வழியில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று பலகை போட்ட சமையல் சாமான் கடை ஒன்று இருந்தது. தோல் சீவி, தேங்காய்த் துருவி, முட்டையைத் துண்டுபோடும் கம்பிச் சட்டம், எலுமிச்சை பிழியும் கிண்ணம் என்று கூரையிலிருந்து சரஞ்சரமாகத் தொங்கும். அங்கே போய், மூடி திறக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரி ஒரு ரப்பர் விரிப்பைக் கொடுத்தாள். அது பலிக்கவில்லை. மறுநாள் நாலு அளவு வளையம் கொண்ட பிளாஸ்டிக் பிடி. அடுத்த நாள் பல்வைத்த இடுக்கி. பிறகு அலமாரிக்கு அடியில் அறைகிற தகடு, தோல்பட்டைச் சுருக்கு, பேட்டரியில் சுற்றுகிற ஒன்று. பேட்டரிக்காரன் பாட்டில் தலையில் உட்கார்ந்து அரை நாள் சுற்றி, புகைந்து, ஓய்ந்தான். ஒரு கருவி மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்து விற்கப்பட்டது. அதைக் கடையிலேயே திறந்து எடுத்து வராதது அவள் தப்பு. அந்த டப்பா இன்றுவரை அலமாரியில் இருக்கிறது.

இப்படி மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. சமையலறைச் சுவரின் ஆணிகளில் இடமில்லை. திருகாணி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் கேட்கவில்லை. ஆனால் கருவியைத் தப்பாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தொழிலாளிக்கு எத்தனை நாள் முடியும்? முப்பத்து நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அவள் புதிதாக வாங்கிய ரப்பர்க் கூம்பு ஒன்றைச் சர்க்கரை பாட்டில் மேல் கவிழ்த்துவைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படிப் பிடிச்சா அடுத்த வருஷமும் திறக்காது" என்றார்.

அவள் திரும்பவில்லை. "வந்து காட்டுங்க."

"எதை வச்சுக் காட்டுறது?"

"இன்னொரு கை இருக்கே, அதை வச்சு."

அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஒற்றைக் கைக்காரனை வேடிக்கை பார்க்கணுமா என்றார். விழுந்த அன்றைக்கே போயிருந்தால் நிம்மதி என்றார். ஒரு சர்க்கரைக்காக ஏன் இப்படி உயிரை எடுக்கிறாய், கடையில் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கிறதே என்று கத்தினார். ஒரு மாதத்தில் அவர் பேசிய மொத்தப் பேச்சும் அதில் பாதி வராது. அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"கிடைக்குது. நான் வாங்கல" என்றாள். "நீங்க விழுந்த நாள்லேருந்து சர்க்கரை இல்லாமத்தான் டீ குடிக்கிறேன்."

"ஏன்?"

"நம்ம வீட்டுல சர்க்கரை இருக்கே. அந்த பாட்டில்லதானே இருக்கு. அதை விட்டுட்டு வெளிய வாங்கிட்டா, இது இனிமே திறக்காதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார். பிறகு எழுந்தார். துண்டு தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. சமையலறைக்குள் வந்து, கூம்பை அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது மலிவுச் சரக்குதான், ஆனா பண்ணினவனுக்கு வேலை தெரியும்" என்றார். அவள் பாட்டிலை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். அவர் இடது கையால் திருகினார். முதலில் இறுகும் பக்கமே திருகினார், கை மாறியதில் திசை குழம்பிவிட்டது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை. இரண்டாவது தடவை மூடி பெருமூச்சு விட்டாற்போல் ஒரு சத்தத்துடன் கழன்றது. சர்க்கரை கட்டி தட்டாமல் பொலபொலவென்று இருந்தது. அவள் ஒரு சிட்டிகை அள்ளி முதலில் அவர் வாயில் போட்டாள்.

அந்தச் சத்தம் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது. டீச்சர் குக்கரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். திருகாணிக்கு உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது. துண்டு தரையில் கிடந்தது. டீச்சர் அவர் கையைப் பார்க்கவே இல்லை, குக்கரைத்தான் பார்த்தாள். "அண்ணே, முப்பத்து நாலு நாள் பீன்ஸ். மூக்கைப் பொத்திக்கிட்டுத் திறங்க" என்றாள். மனைவி அடியைப் பிடிக்க, அவர் திருகினார். உள்ளே பீன்ஸ் அப்போதுதான் இறக்கியது போல ஆவி பறந்தது, பச்சை நிறம்கூட மாறவில்லை. மூன்று பேரும் நின்றபடியே அதைச் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் கம்மி.

மதியத்துக்குள் படிக்கட்டில் வரிசை நின்றது. அவர் மட்டும் திருகினால் திறக்கவில்லை. அவளுக்குப் பதில் டீச்சர் பிடித்துப் பார்த்தாள், அப்போதும் இல்லை. மனைவி பிடிக்க வேண்டும், அவர் திருக வேண்டும். அவ்வளவுதான் விதி. இருவரும் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் திறந்தது. மூடிகளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கொஞ்ச நாளில், கடைசி அரைச் சுற்றை விட்டுவைக்கும் பழைய வழக்கத்தை அவர் மறுபடி பிடித்துக்கொண்டார். அந்த அரைச் சுற்று மட்டும் யார் திருகினாலும் திறந்தது.

நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரப்பதம் என்று எழுதிக்கொண்டு போனார். எழுதிய பேனாவின் மூடியை வாசல் கேட்டைத் தாண்டித்தான் திரும்பப் போட்டார். திருகாணியின் வலது கையில் இரண்டு விரல்கள் மறு வருஷம் அசைந்தன, அதற்கு அடுத்த வருஷம் கட்டைவிரல். டயர் கடை முதலாளி அவரைக் காற்றடிக்கும் இடத்தில் உட்காரவைத்தார். ரப்பர்க் கூம்பு வருஷத்துக்கொன்று தேய்ந்துபோகும். கடைக்காரி அந்தச் சரக்கு மட்டும் தீராமல் பார்த்துக்கொண்டாள். நாலு குடும்பங்கள் காலி செய்து போயின, புதியவை வந்தன, யாரும் இதற்காக வாடகையைக் குறைத்துக் கேட்கவில்லை.

போன மாதம் இரண்டாம் மாடிக்கு ஒரு நர்ஸ் குடி வந்தாள். சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் வழக்கம்போலச் சொல்லவேண்டியதைச் சொன்னார்: தண்ணீர் காலையில் ஆறிலிருந்து எட்டு, குப்பை வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள், மூடி திறக்க மூன்றாம் மாடி, சாயங்காலம் ஐந்துக்கு மேல்.

"ஞாயித்துக்கிழமை போகலாமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"தாராளமா. ரெண்டுலேருந்து மூணு மட்டும் போகாதீங்க. ரெண்டு பேரும் தூங்குவாங்க."

அவள் சரி என்று தலையாட்டி, சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.