சாக்ஸுக்குள் செருகிய கால்சட்டை

ஒன்பதாவது மாடி ஜன்னலிலிருந்து தரைவரை தொங்கிய அந்தத் துணிக்குழாய்க்குப் பட்டறையில் வைத்திருந்த பெயர் தும்பிக்கை. கட்டடம் தீப்பிடித்துப் படிக்கட்டில் புகை அடைத்துக்கொண்டால், ஆட்கள் இதற்குள் காலை விட்டு இறங்கிவிடலாம். உள்ளே இன்னொரு துணி திருகுபோலச் சுற்றிச் சுற்றி இறங்கும். உடம்பு அதில் உரசி உரசித்தான் வேகம் குறையும். எவ்வளவு உரச வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் அதை உருவாக்கியவனுக்கு நரை விழுந்துவிட்டது.

அன்றுதான் தும்பிக்கை முதன்முறையாகப் பட்டறைக்கு வெளியே, ஓர் அலுவலகக் கட்டடத்தில் தொங்கியது. அங்கே கணக்குப் பிரிவில் இருந்த அவனுடைய அக்காதான் மேலாளரிடம் பேசி அந்த நாளை வாங்கித் தந்தவள்.

முதலில் கம்பி இறங்கினான். பட்டறையில் ஒல்லியாக இருப்பவன், அதனால் அந்தப் பெயர். பிறகு அலுவலக ஆண்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்து விழுந்தார்கள். மேலாளர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, "எங்ககிட்ட பாதிப் பேர் பொம்பளைங்க சார். அவங்கள்ல ஒருத்தர் இறங்கட்டும்" என்றார்.

மேலே யாரும் அசையவில்லை என்று ஃபோனில் தகவல் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு தகவல். "உங்க அக்கா வர்றாங்களாம்."

துணிக்குள் ஓர் உருண்டை இறங்குவது தெரிந்தது. மலைப்பாம்பு விழுங்கிய இரைபோல அது சீராக, அவசரமில்லாமல் வந்தது. அவன் நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழாயின் அடியில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் நின்றான். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாதங்கள் வந்தன. முழங்கால்கள் வந்தன. அதற்குப் பிறகும் அவள் உடுத்திய துணி வரவில்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது அவன் வைத்த விதி. அக்கா விதிப்படியே இறங்கியிருந்தாள். அவளுடைய நீளப் பாவாடையைக் குழாய் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் கீழே வந்திருந்தது. பாயில் கிடந்தவளின் முகத்தைப் பாவாடை மூடியிருந்தது.

சுற்றிலும் அலுவலகமே நின்றது. எவரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். கம்பியைவிட நல்ல நேரம். அப்புறம்தான் தான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. உடனே தரையைப் பார்த்தான். பாவாடை கை நீட்டினால் எட்டும் தூரம். கை நீளவில்லை.

அக்கா தானாகவே தடவித் தடவி விளிம்பைக் கண்டுபிடித்து இழுத்துவிட்டுக்கொண்டாள். எழுந்தாள். முழங்கையைத் தட்டிவிட்டாள்.

"எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

அவன் சொன்னான். அந்த நிலையிலும் அதைச் சொன்னான்.

"அருமையான நேரம்" என்றார் மேலாளர், எதிர்க் கட்டடத்தைப் பார்த்தபடி.

பட்டறைக்குத் திரும்பியதும் குழாயைச் சுருட்டி வைத்தார்கள். கம்பி பெஞ்சில் உட்கார்ந்து, சாக்ஸுக்குள் செருகியிருந்த கால்சட்டை நுனிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். தினமும் செய்வதுதான். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சார்?"

"அதை ஏன் செருகறே?"

"நீங்கதானே சொன்னீங்க. செருகலன்னா கால்சட்டை மேலேயே நின்னுடும், ஜட்டி மட்டும்தான் தரைக்கு வந்து சேரும்னு..."

கம்பி சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

ஆமாம், அது அவனே அடித்த நகைச்சுவைதான். ஆரம்ப நாட்களில் கால்சட்டைகள் தொடைவரை ஏறி, முழங்கால்கள் சிராய்த்தன. செருகச் சொன்னான். பட்டறை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து யாரும் செருக மறந்ததில்லை. குழாயும் எந்தக் குறையும் காட்டவில்லை. அப்படியென்றால் குழாய் துணியை மேலே பிடித்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலைகூட மிச்சமில்லை.

மேலாளருக்கு ஃபோன் செய்து, குழாய் இன்னும் தயாராகவில்லை, இப்போதைக்கு மாட்ட வேண்டாம் என்றான்.

சாயங்காலம் அக்கா வீட்டில் மாமாதான் கதவைத் திறந்தார். "வாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா உள்ளே கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனும் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தான். அவன் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எங்க ஆபீஸ்ல டீ குடுக்கற அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? வெந்து செத்தாலும் சாவேன், அதுல மட்டும் எறங்க மாட்டேன்னாங்க. எல்லாப் பொண்ணுங்களும் தலையாட்டினாங்க."

"நீ?"

"நானும்தான் ஆட்டினேன்."

மன்னிச்சுக்கோ என்ற சொல் நாக்குவரை வந்தது. மழை விட்ட பிறகு குடை நீட்டுவதுபோல இருந்ததால் விழுங்கிக்கொண்டான்.

"துணி மூஞ்சியில இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள் அக்கா, தலையணை உறையை நீவிக்கொண்டே. "பக்கத்துல நீதான் நிக்கறேன்னு மட்டும் தெரியும். இழுத்து விடுவேன்னு நினைச்சேன். எங்கடா பார்த்துட்டு இருந்தே?"

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கடிகாரத்தை."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்கனவே தெரிந்ததைக் கேட்டதுபோல. கூடத்தில் டிவி யாருக்கோ கைதட்டியது.

"அந்தப் பாவாடையைக் குடு" என்றான்.

"எதுக்கு?"

"நாளைக்கு நான் கட்டிட்டு எறங்கணும். எதையும் மாத்தறதுக்கு முன்னாடி."

அக்கா முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. மடித்த துணிகளின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தாள். "உன் இடுப்புக்கு நிக்காது. ஊக்கு குத்திக்கோ." பிறகு, "துவைச்சுத் தரணும்" என்றாள்.

"நீயும் வந்து நேரம் பார்க்கறியா?"

அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

மறுநாள், குழாயைச் சோதிக்கும் பட்டறைக் கோபுரத்தின் உச்சியில் அவன் பாவாடையோடு நின்றபோது கீழே பட்டறை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரையும் போகச் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அக்கா கைப்பையோடு நின்றாள். கம்பி கடிகாரத்தை அவளிடம் கொடுத்தான்.

கைகளை உயர்த்தி இறங்கினான். முதல் சுற்றிலேயே துணி முழங்காலைத் தாண்டி ஏறியது. இடுப்பைத் தாண்டியது. பிடிக்கக் கை பரபரத்தது. விதி நினைவுக்கு வந்தது. பிறகு கண்ணை இருட்டு மூடியது. தொடையில் பாயின் குளிர்ச்சி பட்டபோது இறங்கிவிட்டோம் என்று புரிந்தது.

அசையாமல் கிடந்தான். ஒரு சத்தமும் இல்லை. சுற்றி நிற்பவர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஊர் கூடி நிற்கும் இடத்தில் இவ்வளவு தனியாகக் கிடக்க முடியும் என்பது மட்டும் இதுவரை தெரியாது.

யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம். துணி வெடுக்கென்று கீழே இழுபட்டது. வெளிச்சத்தில் அக்காவின் முகம். குனிந்து, பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, விளிம்பைப் பாதங்களுக்கு அடியில் செருகினாள். கடிகாரம் அவள் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"நேரம் பார்க்க மறந்துட்டேன்டா" என்றாள். "இன்னொரு தடவை ஏறு."