ஏழாவது கம்பளி

"இந்த வேலை எத்தனை நாளைக்கு சார்?"

"மூணு மாசம் மேடம். இருக்கறதை எண்ணணும், ஏலம் விடணும், கணக்கை மூடணும். அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன, நீங்க ஒரு ஊரு, நான் ஒரு ஊரு."

போர் முடிந்த மறு மாதம், படையிடம் மிஞ்சியதை விற்கும் உபரிப் பொருள் அலுவலகத்தின் முதல் நாளில், கணக்கெழுத வந்த பெண்ணிடம் கிடங்குப் பொறுப்பாளர் இப்படித்தான் வெகு அலட்சியமாகச் சொன்னார். அது ஒன்பது வருடங்களுக்கு முன்னால். போர் இரண்டரை வருடத்தில் முடிந்துவிட்டது. அதன் கணக்குதான் முடிவேனா என்றது.

முதல் இரண்டு வருடம் நியாயமாகவே போயிற்று. கூடாரங்கள், வாளிகள், இடது கால் பூட்ஸ் மட்டுமே இருந்த நானூறு பெட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பூட்ஸை யார் வாங்கினார்கள் என்று கேட்கக் கூடாது. கம்பளிகளும் போயின, ஒவ்வொன்றின் மூலையிலும் 'விற்கப்பட்டது' என்ற சிவப்பு முத்திரையோடு. கடைசியில் பேரேட்டில் பூஜ்யம் வந்தது. கிடங்கில் ஒரு கம்பளி இருந்தது.

சாமான் குறைந்தால் விதி இருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கலாம், எலி தின்றது என்று எழுதலாம். கூடினால் என்ன செய்வது? தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். கோப்பு ஐந்து மேசைகளைச் சுற்றி, பதினோரு மாதம் கழித்துப் பதிலோடு திரும்பியது: "உபரியின் உபரியாக வரவு வைத்து ஏலம் விடவும்." விட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பில் இன்னொரு கம்பளி இருந்தது.

ஏலத்தில் போன அரசாங்கக் கம்பளி சந்தையில் எந்தக் கடையிலும் கிடைத்தது. பொறுப்பாளர் வருடத்துக்கு ஒன்று வாங்கி, முத்திரை இருந்த மூலையை வெட்டி எறிந்துவிட்டு, பையில் திணித்துக் கொண்டுவந்து வைத்தார். வாசல் காவல்காரர் வெளியே போகிறவர்களின் பையைத்தான் சோதிப்பார். உள்ளே ஒருவர் எதையாவது கொண்டுவருவார் என்று அவருடைய சர்வீஸில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கணக்கு மூடினால் கணக்கெழுத வந்தவளுக்கு மாற்றல் வந்துவிடும். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைச் சொல்வதைவிடக் கம்பளி வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"அண்ணி கேக்கறாங்க சார், ஊருக்கெல்லாம் போர் முடிஞ்சு போச்சு, உனக்கு மட்டும் எப்ப முடியும்னு," என்பாள் அவள்.

"ஒரே ஒரு கம்பளிதானே மேடம் பாக்கி," என்பார் இவர், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

இந்த வருடம் பதில் வரவில்லை. தணிக்கை அதிகாரியே வந்துவிட்டார். கம்பளியை மேசைமேல் விரித்துப் போட்டார்.

"ஏழு வருஷத்துல ஏழு கம்பளி. என்னய்யா, குட்டி போடுதா இது?"

"எண்ணும்போது தவறு நடந்திருக்கும் சார்."

"வருஷம் தவறாமலா?"

அதிகாரி கம்பளியின் மூலையை விரலால் தடவினார். "இங்க முத்திரை இருந்திருக்கு. வெட்டியிருக்கீங்க. வெட்டு, எலி கடிச்ச மாதிரி இருக்கு. ஆனா ஓரத்துல தையலைப் பாருங்க, எவ்வளவு நறுவிசு! வெட்டின கை வேற, தைச்ச கை வேற."

பொறுப்பாளர் குனிந்து பார்த்தார். தையலா? அவர் வெட்டியதோடு சரி. ஊசியைத் தொட்டதே இல்லை.

"நான்தான் தைச்சேன்," என்றாள் அவள், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஏழு கம்பளியும்."

"நீங்க எதுக்கும்மா?"

"பிசிறு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. முதல் வருஷமே மாட்டியிருப்பார். இவருக்கு எந்தக் காரியத்தையும் முழுசா செய்யத் தெரியாது சார். பாதியிலேயே நின்னுடுவார்."

பொறுப்பாளரின் காதுகள் சூடேறின. இத்தனை வருடமும் தனியாகக் குற்றம் செய்துகொண்டிருப்பதாக அல்லவா நினைத்திருந்தார்!

அதிகாரி பெருமூச்சு விட்டார். "திருடினா எந்தப் பிரிவுன்னு எனக்குத் தெரியும். கைக்காசு போட்டு வாங்கி அரசாங்கத்துக்கு வச்சா, நான் எதைப் போடறது? பாராட்டுப் பத்திரமா?" ஒரு படிவத்தை எடுத்தார். "கம்பளியை இப்பவே வரவு வச்சு கணக்கை மூடறேன். அம்மாவோட மாற்றல் உத்தரவு பையில இருக்கு, திங்கட்கிழமை வேற ஊர்ல சேரணும். இவருக்கு இந்த ஊர்லயே வேலை போட்டாச்சு. புருஷன் இங்க வேலையில இருந்தா இங்கயே போடலாம். உங்களுக்கு அது இல்லை. சரி, இதுல உபரிக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா என்னை விடமாட்டாங்க. சொல்லுங்க."

"காரணம் அவரோடது சார்," என்றாள் அவள். இப்போதுதான் நிமிர்ந்து பொறுப்பாளரைப் பார்த்தாள். "அதை நான் தைச்சுக் குடுக்க முடியாது."

ஆயிரக்கணக்கான வாளிகளை உரக்க எண்ணிய பொறுப்பாளர் ஒருமுறை இருமினார். சட்டைப் பொத்தானைத் திருகினார். அதிகாரி பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தார். அவள் பேரேட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"போகாதீங்க மேடம்," என்றார் அவர். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே இருந்துடுங்க."