தோற்க முடியாத மைக்கேல்

நெய்வேலி ஆபீசர்ஸ் கிளப்பின் டென்னிஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து வருடம் ஜெயிப்பவர், அதை நிரந்தரமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. நான்கு வருடம் ஜெயித்திருந்தவர் சண்முகசுந்தரம். விதியை எழுதியவரும் அவரே. மூன்றாவது தடவை ஜெயித்த மறுவாரம், பொது நன்மையை உத்தேசித்து எழுதினார்.

மைன்ஸில் அவர் பெரிய இன்ஜினியர். முதல் இரண்டு வருடம் அவர் ஜெயித்தது அசல் ஆட்டத்தால். மூன்றாவது வருடம் பாதி ஆட்டம், பாதி பதவி. நான்காவது வருடம் முழுப் பதவி. இது டவுன்ஷிப்பில் பால் ஊற்றுகிறவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். பந்து தவறும்போதெல்லாம் சண்முகசுந்தரத்துக்குத் தெரிந்த காரணம் வேறு: ஒரு நாள் காற்று சரியில்லை, ஒரு நாள் ராக்கெட் நரம்பு தளர்ந்துவிட்டது, ஒரு நாள் கரித்தூள் கண்ணில் விழுந்தது.

இதற்கிடையில் நான்கு இளம் இன்ஜினியர்கள் இடது கையாலேயே அவரைத் தோற்கடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். நால்வரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். அந்த வருடப் போட்டியில் ஒருவனுக்குக் கால் சுளுக்கியது, ஒருவனுக்கு வயிறு சரியில்லை, ஒருவனுடைய அக்காவைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மைக்கேலுக்கு மட்டும் காரணம் யோசிக்கத் தெரியவில்லை. ஃபைனலுக்கு வந்து மாட்டிக்கொண்டான். அவனை பர்மனென்ட் ஆக்கும் உத்தரவில் சண்முகசுந்தரம்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏங்க, கோப்பையத் தேய்ச்சு வைக்கட்டுமா? கிளப்புக்குக் கொண்டு போகணுமே" என்றாள் மனைவி ராஜாம்பாள்.

"தேய்ச்சு வை. சும்மா காமிச்சிட்டுத் திரும்ப எடுத்துட்டு வந்துடலாம்."

ஃபைனல் ஒரே செட். அம்பயர் நாற்காலியில் ஏறியவர் கண்ணையன். அலுவலகத்தில் சண்முகசுந்தரத்தின் அறைக்கு வெளியே உட்காருபவர். பார்வையாளர் வரிசையில், மின்நிலைய வேலைக்கு வந்திருந்த ரஷ்ய நிபுணர் ஒருவரும் இருந்தார். யார் யாருக்குக் கீழே என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மைக்கேல் தன் சர்வீஸ் அத்தனையையும் ஒழுங்காக வலையில் அடித்து முதல் கேமைத் தோற்றான். இரண்டாவது கேமில் சர்வீஸ் போட்ட சண்முகசுந்தரமும் அத்தனையையும் வலையில் அடித்தார். ஒரே வித்தியாசம், அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை.

ஆட்டம் இப்படியே போனது. இவன் சர்வீஸை இவன் தோற்பான், அவர் சர்வீஸை அவர் தோற்பார். செட்டை முடிக்க ஒருவர் இரண்டு கேம் முன்னால் போயாக வேண்டும். ஐந்துக்கு ஐந்து ஆனது, ஏழுக்கு ஏழு ஆனது, ஒன்பதுக்கு ஒன்பதும் ஆனது. ரஷ்யர் கடிகாரத்தைப் பார்த்தார். சண்முகசுந்தரம் தன் வாழ்நாளின் மகத்தான போராட்டத்தில் இருப்பதாக நினைத்து, பனியன் நனைய வேர்த்துக்கொண்டிருந்தார்.

பத்துக்கு ஒன்பது என்று முன்னால் போய், தன் சர்வீஸுக்கு முன் தண்ணீர் குடிக்க வந்த சண்முகசுந்தரத்திடம் கண்ணையன் நாற்காலியிலிருந்து குனிந்தார்.

"சார், கொஞ்சம் தூக்கிப் போடுங்க. வலைக்கு மேல போனா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேங்க."

"என்னத்தப் பாத்துக்குவ?"

"எங்க வுழுந்தாலும் உள்ளதாங்க. வலையிலயே நின்னுட்டா நான் என்னங்க பண்றது?"

சண்முகசுந்தரம் தண்ணீரைக் கீழே வைத்தார். வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"மைக்கேல். நீ வேணும்னேதான் தோக்கறியா?"

மைக்கேலும் களைத்திருந்தான். பொய் சொல்லத் தெம்பில்லை. "எவ்ளோ நேரமா தோக்கத்தான் சார் பாத்துகினு இருக்கேன். நீங்க வுடமாட்டேன்றீங்களே."

சண்முகசுந்தரம் யோசித்தார். நாலு பந்து, வலைக்கு மேலே. அப்புறம் கோப்பை எந்தக் காலத்திலும் வீட்டை விட்டு நகராது. பந்தை உயரப் போட்டு, உள்ளதையெல்லாம் திரட்டி வீசினார். பந்து வலையைத் தாண்டியது, மைக்கேலையும் தாண்டியது, சவுக்கு வேலியைத் தாண்டிச் சாலையில் போன ஷிப்ட் பஸ்ஸின் கூரையில் தொம்மென்று விழுந்து, பஸ்ஸோடு போயிற்று.

"உள்ள" என்றார் கண்ணையன்.

முதலில் சிரித்தவர் ரஷ்யர். அடுத்து ராஜாம்பாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. அப்புறம் யார் சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சண்முகசுந்தரம் கோபப்படத்தான் முயன்றார். மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

"யோவ் கண்ணையா, அது இந்நேரம் வடக்குத்து ஸ்டாப் போய் டீ குடிச்சிகிட்டிருக்கும். அவுட்டுய்யா."

மிச்ச சர்வீஸும் வலையில் நின்றது, கேம் போனது. அவர் பந்தை மைக்கேலிடம் உருட்டினார்.

"உன் உத்தரவுல நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப ஆடு."

"நேத்தேவா சார்?"

மைக்கேலின் முகத்தில் அத்தனை நேரம் வீணாகத் தோற்ற வருத்தம் முழுசாகத் தெரிந்தது. அடுத்து அவன் போட்ட பந்துகளில் மூன்று சண்முகசுந்தரத்தை விசாரிக்காமலே போயின. நான்காவது தற்செயலாக அவர் ராக்கெட்டில் பட்டு, மூலைக்கோட்டில் விழுந்து, மைக்கேல் எட்டுவதற்குள் ஓடிப்போனது. ஐந்தாவதோடு கேம் மைக்கேலுக்கு; அடுத்து சண்முகசுந்தரத்தின் சர்வீஸ் வழக்கம்போல் வலையில் நிற்க, ஆட்டமும் முடிந்து கோப்பையும் கைமாறியது.

"கோப்பை போச்சு, இப்படிச் சிரிச்சிகிட்டு வர்றீங்களே" என்றாள் ராஜாம்பாள், நடந்து வரும்போது.

"அந்த ஒண்ணு பாத்தியா? நெசமாவே ஓடினான்டி. ஓடியும் எட்டல."

தெருமுனையில் அதைக் கையை வீசிக் காட்டினார். அடுத்த பிளாக்கில் மறுபடியும் காட்டினார். ராஜாம்பாள் குவார்ட்டர்ஸ் கதவைத் திறப்பதற்குள் அந்த ஒரு பாயிண்ட் இரண்டாகியிருந்தது.