எல்லாத் திரையிலும் ஜெயசித்ரா

தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்கு ஜெயசித்ரா பொறுப்பாளர். விடுமுறையில் சர்வீஸ்காரன் உமாசங்கர் வந்து, ஒரு கம்ப்யூட்டரில் இருந்ததை நெட்வொர்க் வழியாக லேப், ஆபீஸ் என்று எல்லாவற்றிலும் அப்படியே ஏற்றிவிட்டுப் போனான்.

கல்லூரி திறந்த அன்று முதல்வர் தளவாய் அவளைக் கூப்பிட்டார்.

"என் கம்ப்யூட்டரத் தொறந்தா உங்க பேரு எதுக்கும்மா வருது?"

"தெரியலையே சார்."

"ஆபீஸ்லயும் உங்க பேருதான் வருதாம். போன மாசம் கேள்வித்தாள் வேற வெளிய போயிருக்கு. நாங்க அடிக்குறத எல்லாம் அங்கன உக்காந்து பாக்குதீங்களோ?"

தன் பெயரை மாட்டிவிட்டு உமாசங்கர்தான் வேவு பார்க்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. அங்கேயே அவனுக்குப் போன் போட்டு, முதல்வரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டரத்தான் காப்பி எடுத்தேன். பேர அழிச்சுட்டு ஏத்தியிருக்கணும், மறந்துட்டேன். வெறும் பேருதான்க்கா. அத வச்சு யாரும் எதையும் பாக்க முடியாது."

தளவாய் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பையன் உங்களுக்குச் சொந்தமோ?"

"நீங்கதான சார் அவனக் கூட்டிட்டு வந்தீங்க."

மாலைக்குள் உமாசங்கர் வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் பெயரை மாற்றினான். மறுநாள் அவள் ஆபீசுக்குள் நுழைந்ததும், கிளார்க் குழல்வாய்மொழி அவசரமாகத் திரையை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சாப்ட்டீங்களா மேடம்?"